அரிசிக்கும் கரண்டுக்கும் ஜெபிப்பது பேரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவில் யாங்கோனிலிருந்து (பழைய ரங்கூன்) எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையை நாங்கள் இங்கே கைபேசியில்தான் படிக்கிறோம், அதுவும் கரண்ட் இருந்து நெட்டும் கிடைக்கிற நேரத்தில், அதனால் இந்தப் பதில் கொஞ்சம் தாமதமாக வருகிறது. வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் கிறிஸ்தவ ஜெபத்தைப் பற்றி எழுதியிருந்தார். நண்பர் கூப்பிட்டார் என்று ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனாராம். அங்கே வேலை, விசா, வீட்டு வாடகை, சர்க்கரை வியாதி, பிள்ளைகளின் பரீட்சை என்று ஒரே பட்டியலாக வாசித்தார்களாம். ஆண்டவனிடம் மளிகைச் சீட்டு நீட்டுவது பக்தியா பேரமா என்று கேட்டு, உயர்ந்த பக்தி எதையும் கேட்காது என்று முடித்திருந்தார். மரியாதையான கடிதம்தான், யாரையும் திட்டவில்லை. ஆனாலும் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை, ஏனென்றால் எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் கூட்டத்தில் அந்த மாதிரிப் பட்டியலை வாரா வாரம் வாசிக்கிற பொறுப்பு என்னுடையது.

அந்தச் சீட்டுகளில் என்ன இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் கூட்டம். வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், மூடியில் துளை போட்டது. வருகிறவர்கள் சீட்டை அதில் போட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். நிறையச் சீட்டுகள் பர்மிய எழுத்தில்தான் இருக்கும். 1960-களில் பள்ளிக்கூடங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இங்கே தமிழ் படிப்பது என்பது கோயிலிலும் சர்ச்சிலும் நடக்கிற வகுப்பாகச் சுருங்கிப்போனது, பேச்சு தமிழ், எழுத்து பர்மியம் என்று வளர்ந்த பிள்ளைகள் அதிகம். பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிய சீட்டும் உண்டு. அப்படி வருகிற விண்ணப்பங்கள் எல்லாம் ரொம்பச் சின்ன விஷயங்கள். ராத்திரி கரண்ட் வரும்போது எனக்கு முழிப்பு வர வேண்டும் என்று ஒருவர் எழுதியிருப்பார். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. யாங்கோனில் பழைய அடுக்குமாடி வீடுகளில் மோட்டார் போட்டால்தான் தண்ணீர் மேலே ஏறும், கரண்ட் எந்த நேரத்தில் வருமோ அந்த நேரத்தில் எழுந்து மோட்டார் போட வேண்டும், தூங்கிவிட்டால் மறுநாள் முழுக்க வீட்டில் தண்ணீர் இல்லை. வயதான மாமியாரையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு பகல் பூராவும் தையல் மிஷினில் உட்கார்ந்து காலால் மிதிக்கிற பெண் அவர். அவர் கேட்பது மோட்சம் இல்லை, முழிப்பு. அதைக் கேட்டதற்காக அவருடைய பக்தி தாழ்ந்துபோய்விட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று, கேட்கலாம் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது இல்லை, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான். சீஷர்கள் ஜெபம்பண்ணக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டபோது இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் சின்னது, முழுவதும் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. பரமண்டலத்தில் ஆரம்பிக்கிறது, நாமம், ராஜ்யம், சித்தம் என்று பெரிய விஷயங்களைச் சொல்கிறது, அந்த உயரத்திலிருந்து நேராக அடுப்படிக்கு வந்துவிடுகிறது: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." இந்த வருஷத்துக்கோ இந்த மாசத்துக்கோ கேட்கச் சொல்லவில்லை, இன்றைக்குக் கேட்கச் சொன்னார். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வரியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னாலேயே இன்னொன்றும் சொல்லிவைத்திருக்கிறார், நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என்று. தெரிந்தவரிடம் எதற்குக் கேட்பது என்று அன்பர் கேட்கலாம். எரிகோ ஊர் வழியில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பர்திமேயுவைப் பாருங்கள். குருடன் என்பது ஊருக்கே தெரியும். அப்படியும் இயேசு அவனைக் கூப்பிட்டு, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்றிருக்கிறாய் என்று கேட்டார். அதுவரை அவனைப் பேசாதே என்று அதட்டிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று, எனக்கு இது வேண்டும் என்று அவன் தன் வாயால் சொன்னான். எங்கள் கூட்டத்துக்கு வருகிற பெண்களில் பலருக்கு, உனக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் கேட்க ஆள் கிடையாது. புருஷனுக்கு என்ன வேண்டும், பிள்ளைக்கு என்ன வேண்டும், முதலாளிக்கு என்ன வேண்டும் என்பதிலேயே நாள் போய்விடும். சீட்டை எடுத்து எனக்கு இது வேண்டும் என்று எழுதுவதே சிலருக்குப் பெரிய காரியம், பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எதையும் கேட்காததுதான் உயர்ந்த பக்தி என்பது நம் தமிழ் மரபு என்கிற மாதிரி அன்பர் எழுதியிருந்தார். நான் கிறிஸ்தவள், தேவாரத்தை விளக்க எனக்குத் தகுதி இல்லை, ஆனால் எங்கள் தெருவில் கோயில் குடும்பங்களோடு வளர்ந்தவள். சுந்தரர் குண்டையூரில் கிடைத்த நெல்லைத் திருவாரூருக்கு, மனைவி பரவையார் வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை என்று திருக்கோளிலியில் சிவபெருமானிடம் ஆள் கேட்டுப் பாடினார். நெல் கிடைத்த பிறகும், அதைச் சுமக்க ஆள் கேட்டார். அவரைப் பேரம் பேசியவர் என்று யாராவது சொல்வார்களா? இங்கே தீமிதிக்கு மஞ்சள் கட்டிக்கொண்டு நிற்கிற எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் மகளுக்குச் சுகம் கேட்டுத்தான் நிற்கிறார். அவருக்கும் எனக்கும் நம்பிக்கை வேறு, ஆனால் தேவை இருக்கிறவர்கள் கேட்பார்கள் என்பதில் எங்களுக்குள் வித்தியாசம் இல்லை.

எங்கள் வேதத்தில் நீதிமொழிகள் முப்பதாம் அதிகாரத்தில் ஆகூர் என்கிற ஒருவருடைய விண்ணப்பம் இருக்கிறது. பிரசங்கத்தில் அதிகம் வராது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று கேட்கிறார். காரணமும் சொல்கிறார். வயிறு ரொம்ப நிறைந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், ரொம்பக் காய்ந்தால் திருடிவிடுவேன் என்கிறார். மனுஷன் தன்னைப் பற்றி இவ்வளவு நேராகச் சொல்லிக்கொண்டு, ஒரு அளவு வைத்துக் கேட்கிறான். பேரம் பேசுகிறவன் இப்படிக் கேட்க மாட்டான்.

பேரம் எது என்று எனக்குத் தெரியும், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு தாயார் கடனில் இருந்தார். கைபேசியில் பிரசங்கம் பண்ணுகிற ஒரு ஊழியரின் வீடியோ பார்த்தார், பெயர் வேண்டாம். விதைக் காணிக்கை அனுப்பினால் கடன் எல்லாம் தீரும், எவ்வளவு விதைக்கிறீர்களோ அவ்வளவு அறுப்பீர்கள் என்று அதில் வாக்குக் கொடுத்தார்கள். அந்த அம்மா காதில் கிடந்த கம்மலை விற்று அனுப்பினார். கடன் தீரவில்லை, வட்டிதான் ஏறியது, திரும்ப எழுதிக் கேட்டதற்கு இன்னும் விதைக்கச் சொல்லிப் பதில் வந்தது. அதைச் சொல்லும்போது அவர் காதைப் பொத்திக்கொண்டே பேசினார். அன்பர் இந்த மாதிரி ஆட்களை நினைத்து எழுதியிருந்தால் அவர் கோபம் நியாயம், அவரைவிட எனக்குக் கோபம் அதிகம். ஜெபத்துக்கு விலை வைப்பது எங்கள் வேதத்துக்கே விரோதம். இரண்டு ராஜாக்கள் புத்தகத்தில் ஒரு விதவை இருக்கிறாள். புருஷன் செத்துப்போனான், கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். எலிசா என்கிற தீர்க்கதரிசியிடம் வந்து முறையிடுகிறாள். எலிசா அவளிடம் காணிக்கை கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார், ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது என்றாள், அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வா என்றார். எல்லாப் பாத்திரமும் நிறைந்த பிறகு, எண்ணெயை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியில் நீயும் உன் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தனக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டதாக எங்கேயும் எழுதவில்லை. கம்மல் விற்ற அம்மாவுக்கு அந்தப் பகுதியைத்தான் வாசித்துக் காட்டினோம். அதற்கப்புறம் பெண்கள் சங்கத்துச் சேமிப்பிலிருந்து வட்டி இல்லாமல் ஒரு தொகை கொடுத்தோம், மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பட்டியலைச் சத்தமாக வாசிப்பதால் என்ன நடக்கிறது என்று அன்பர் ஒரு நாள் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். வாசித்தால் ஆண்டவர் மட்டுமா கேட்கிறார், அந்த அறையில் இருக்கிற எல்லாரும்தானே கேட்கிறார்கள். எங்கள் பகுதியில் ஆறாவது மாடியில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார். லிஃப்ட் கிடையாது, முழங்கால் போய்விட்டது, கீழே இறங்கி ரொம்ப நாளாகிறது. அவருக்காக ஒரு சீட்டு வந்தது, சாப்பாட்டுக்கும் பிரஷர் மாத்திரைக்கும். ஜெபித்து முடித்து ஆமென் சொன்ன கையோடு ஒரு சிஸ்டர் எழுந்து, மாத்திரைப் பெயர் என்ன என்று கேட்டார். யாங்கோன் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், சில வீடுகளில் மேலே மணியும் கட்டியிருப்பார்கள். பேப்பர்காரரும் காய்கறிக்காரரும் அந்தக் கயிற்றில்தான் மாட்டிவிட்டு இழுப்பார்கள். அரிசிப் பையையும் மாத்திரையையும் அதில் கட்டிவிட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே அந்த அம்மா மெதுவாக இழுத்துக்கொள்வார். கை நடுங்கும், பை சுவரில் இடித்து இடித்து ஏறும், நாங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு தரம் மூன்றாவது மாடி பால்கனிக் கம்பியில் சிக்கிக்கொண்டது, அந்த வீட்டில் இருக்கிற பர்மியப் பையன் எடுத்து விட்டான். இப்போது அவனே பையை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறான், அந்த அம்மாவோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் இறங்குகிறானாம். ஆகாரமும் வஸ்திரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று எங்கள் வேதத்தில் யாக்கோபு எழுதிவைத்திருக்கிறார். பட்டியலை வாசித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சபைகளும் உண்டு, அந்த மாதிரிச் சபையைத்தான் அன்பர் பார்த்தார் என்றால் அது அந்தச் சபையின் குறை. ஜெபத்தின் குறை இல்லை.

இந்த நாட்டிலேயே இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. பர்மாவுக்கு 1813-ல் வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனைப் பற்றி, பர்மிய மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்து 1834-ல் முடித்தவர் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட அவர் பால் கேட்டுப் போனதுதான் பெரிதாகத் தெரிகிறது. முதல் ஆங்கிலேய-பர்மிய யுத்தம் வந்தபோது, 1824-ல், வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒற்றர்கள் என்று அப்போதைய தலைநகர் ஆவாவில் அவரையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மனைவி ஆன் நாள் தவறாமல் அதிகாரிகளின் வீட்டு வாசலில் நின்று மன்றாடினார். அந்த நேரத்தில் அவர் பிள்ளைத்தாய்ச்சி. 1825 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது, மரியா என்று பெயர் வைத்தார்கள். கைதிகளை அமரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சிறைக்கு மாற்றியபோது ஆன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அங்கே அவருக்கு நோய் கடுமையாகி, தாய்ப்பால் வற்றிப்போய்விட்டது. ஊரில் வேறு பால் கிடைக்கவில்லை. காவலர்களுக்கு ஏதோ கொடுத்துக் கெஞ்சி, ஜட்சனைக் கொஞ்ச நேரம் வெளியே விடவைத்தார்கள். அவர் அந்த எலும்பும் தோலுமான குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, கைக்குழந்தை இருக்கிற தாய்மார்கள் வீட்டு வாசலாக நின்று, என் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். அவர்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை, இந்த மனுஷர் பிரசங்கம் பண்ண வந்த ஜனங்கள். ஆனின் கடிதத்தில் இந்த விவரம் இருக்கிறது. அன்றைக்கு அந்தத் தகப்பனும் தாயும் என்ன ஜெபித்திருப்பார்கள்? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, பால்தான் கேட்டிருப்பார்கள். பதில் வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களின் மடியிலிருந்துதான்.

ஆனால் கதை அதோடு சுபமாக முடியவில்லை. 1826 அக்டோபரில் ஆன் காய்ச்சலில் இறந்துபோனார், கணவர் பக்கத்தில் இல்லை. ஆறு மாசத்தில் குழந்தை மரியாவும் போய்விட்டது. ஆனின் கல்லறை மோல்மேனுக்குத் தெற்கே கியாய்க்கமியில் இருக்கிறது. பாலுக்குச் செய்த ஜெபம் கேட்கப்பட்டது, உயிருக்குச் செய்த ஜெபம் கேட்கப்படவில்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் மறுபேச்சு இல்லை. இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் எங்கள் சீட்டுகளில் அந்த மாதிரி நிறைய இருக்கின்றன.

எங்கள் கூட்டத்து சிஸ்டர் ஒருவருடைய வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸ் செலவு, வண்டிச் செலவு, கரண்ட் இல்லாத நாளில் மெஷின் ஓடுமா என்கிற பயம், எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரா வாரம் சீட்டு வரும். உபவாசம் இருந்தோம், கையில் இருந்ததைக் கொடுத்தோம். அவர் இறந்துவிட்டார். சாவு வீட்டில் ஒருவர் அந்த சிஸ்டரிடம், இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருக்கலாம் என்றார். நான் அங்கேயே அவரை வெளியே போகச் சொன்னேன். பந்தியில் உட்கார்ந்து இப்படிப் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடுகளின் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசுவே கேட்டும் அது நீங்கவில்லை, அவருக்கும் விசுவாசம் போதவில்லையா? அப்போஸ்தலர் பவுல் தன் உடம்பில் முள் மாதிரிக் குத்திக்கொண்டிருந்த வேதனையை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டு, என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் கிடைத்தது, முள் எடுபடவில்லை. சங்கீதம் 88 முழுக்கப் புலம்பல், கடைசி வசனத்தில்கூட ஒரு ஆறுதலும் இல்லாமல் அப்படியே நின்றுவிடுகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அடக்கம் முடிந்து அடுத்த புதன் அந்த சிஸ்டர் வந்தார். டின்னில் சீட்டும் போட்டார். என்ன கேட்பதென்று தெரியவில்லை என்று மட்டும் எழுதியிருந்தது. அன்றைக்கு 88-ஐ வாசித்தோம், யாரும் விளக்கம் சொல்லவில்லை, பாட்டும் பாடவில்லை. பிறகு இரண்டு பேர் அவரோடு வீடு வரைக்கும் நடந்துபோய் ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டார்கள். ஜெபம் என்றால் கேட்டது கிடைப்பது என்று மட்டும் இருந்தால் அந்த சிஸ்டர் அந்த டின் பக்கம் திரும்பி வந்திருக்க மாட்டார்.

இன்னொரு வகைச் சீட்டு உண்டு, அதில் விண்ணப்பமே இருக்காது, ஒரு பெயர் மட்டும் இருக்கும். ஆண்பிள்ளைப் பெயர். 2024 பிப்ரவரியில் இங்கே கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், 18 வயதிலிருந்து 35 வயது வரை ஆண்களுக்கு. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதப்போவதில்லை. பெயர் வந்தால் எங்களுக்குப் புரியும், வாசிப்போம், அம்மாவின் முகத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். இதில் எனக்கு ராத்திரி தூக்கம் கெட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. ராணுவத்துக்கு எடுக்கிறவர்களில் என் பிள்ளை பெயர் வரக் கூடாது என்று கேட்டால், வேறு ஒருத்தி பிள்ளை பெயர் வரட்டும் என்று ஆகிறதே? அந்த ஒருத்தி எதிர் வீட்டில் இருக்கிற பர்மியத் தாயாகவும் இருக்கலாம், பகோடா என்கிற புத்தர் கோயிலில் அவள் விளக்கேற்றி அதையே வேண்டிக்கொண்டிருப்பாள். இதை ஒரு நாள் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு வயதான அம்மா, பரமண்டல ஜெபத்தில் எனக்கு என்று ஒரு இடத்திலும் வரவில்லையே, எல்லாம் எங்களுக்கு எங்களுக்கு என்றுதானே இருக்கிறது, அப்படியே கேட்போம் என்றார். அதிலிருந்து எங்கள் பிள்ளைகள் பெயரோடு அந்தத் தெருவில் எங்களுக்குத் தெரிந்த எல்லாப் பையன்கள் பெயரையும் சேர்த்து வாசிக்கிறோம், எந்த மதம், எந்த ஜாதி என்று பார்ப்பதில்லை. கணக்கு இதனால் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர் வீட்டுப் பையன் பெயரை வாரா வாரம் வாயால் சொல்லிவிட்டு, அவன் அம்மாவைத் தெருவில் பார்க்கும்போது பேசாமல் போக முடியவில்லை.

2025 மார்ச் 28-ம் தேதி பூகம்பம் வந்தபோதும் இதே மாதிரிதான். 7.7 அளவு, மாண்டலேயும் சகாயிங்கும் இடிந்துபோனது, மூவாயிரத்துக்கும் மேலே செத்துப்போனார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், ரமலான் மாசம், தொழுகைக்குப் போயிருந்தவர்கள் மேலே பள்ளிவாசல்கள் விழுந்தன. மாண்டலேயிலிருந்து சொந்தக்காரர்கள் போனில் கேட்டது, இன்றைக்கு ராத்திரி மழை வராமல் இருக்க ஜெபியுங்கள் என்பதுதான். ஜனங்கள் எல்லாம் தெருவில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள், வீட்டுக்குள் போகப் பயம், மேலே ஒரு கூரை கிடையாது. அந்த ஜெபத்தில் உலக சமாதானம் இல்லை, ஆத்ம விசாரம் இல்லை, மழை வேண்டாம் என்பது மட்டும்தான். சில நாளில் மழையும் பெய்தது. தார்ப்பாயும் கொசுவலையும் வாங்கி மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம், முதல் மூட்டை நாங்கள் சொன்னபடி ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்பர் இதைப் படித்தால், நான் அவரிடம் வாதத்தில் ஜெயிக்க வரவில்லை என்று எடுத்துக்கொள்ளட்டும். எதுவும் கேட்காமல் தியானத்தில் உட்காருகிறவர்களை நான் குறைத்துப் பேசவில்லை, எங்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. கேட்கிறவர்களைக் கீழே வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தேவை இல்லாதவர்களுக்குக் கேட்காமல் இருப்பது சுலபம்.

உங்கள் பத்திரிகையைப் படிக்கிற சென்னைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வியாசர்பாடியிலும் மற்ற இடங்களிலும் பர்மாவிலிருந்து போன குடும்பங்கள் நிறைய இருக்கிறீர்கள், அறுபதுகளில் உங்கள் தாத்தா பாட்டிகள் கப்பல் ஏறியபோது பின்னால் நின்றுவிட்டவர்கள்தான் நாங்கள். பூகம்பச் செய்தி வந்த வாரம் உங்கள் சபைகளில் பர்மாவுக்காக ஜெபித்தீர்கள் என்று கேள்விப்பட்டோம், சந்தோஷம். தலைப்புச் செய்தி போன பிறகும் விட்டுவிடாதீர்கள். பர்மாவை ஆசீர்வதியும் என்று மொத்தமாகச் சொல்லாமல் இன்னது வேண்டும் என்று சொல்லி ஜெபியுங்கள். இப்போதைக்கு எங்கள் டின்னில் இருப்பது: இன்சுலின் விலை, மாடிக்கு ஏறாத தண்ணீர், தாய்லாந்துக்கு வேலைக்குப் போய் மூன்று மாசமாகப் போன் பண்ணாத ஒரு மகன், மாண்டலேயில் இன்னும் கூரை போடாத இரண்டு வீடுகள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மெழுகுவர்த்தியில் படிக்கிற ஒரு பெண், அப்புறம் சில பெயர்கள். இன்சுலின் விஷயத்தில் வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதட்டும், என் விலாசத்தை ஆசிரியருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யாங்கோன், பர்மா